பல்பை மாற்றினால் பார்வை நீளுமா?

தை பிறந்தால் திண்டுக்கல்லிலிருந்து பழநி போகும் சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர்களே அதிகம். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் உண்டு, ஒட்டாதவர்களும் உண்டு. அந்த வழியில் இரவு கார் ஓட்டுகிறவருக்குத் தன் ஹெட்லைட் போதவில்லை என்று தோன்றினால் அது நியாயமான கவலை. ஹாலஜன் ஹெட்லைட் உள்ள நம்மூர்ச் சிறிய கார்களில் பரவலாக இருப்பது 60/55 வாட் ஹெச்4 பல்பு. டிம்மில் அது தருவது ஏறக்குறைய 1,000 லூமென் ஒளிதான்.

கவலை நியாயமானது. அதற்கு ஆக்சசரீஸ் கடைகளில் கிடைக்கும் தீர்வு, அதாவது ஹெச்ஐடி (ஸெனான்) கிட், நியாயமானதல்ல. இரண்டு பல்பு, அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இரண்டு பலாஸ்ட், கொஞ்சம் ஒயர். ஒரு மணி நேரத்தில் மாட்டித் தந்துவிடுவார்கள். அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“ஹோல்டரில் சரியாக உட்கார்ந்தால் போதும், எந்தப் பல்பும் வேலை செய்யும்.”

எல்லாச் சிக்கலுக்கும் வேர் இந்த நம்பிக்கைதான். ஒரு ஹெச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். (கண்ணாடியில் விரல் படாமல், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் பல்பு சூடேறி ஆயுள் குறையும்.) உள்ளே இரண்டு இழைகள் தெரியும். அடிப்பாகத்துக்கு அருகில் இருப்பது பிரைட்டுக்கு. நுனிப்பக்கம் இருப்பது டிம்முக்கு. டிம் இழைக்குக் கீழே மட்டும் அகல்விளக்கு போன்ற ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் ஒளியைக் கீழே போகவிடாமல் மறிக்கிறது. ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து சாலையை நோக்கிச் சரிந்து விழுகிறது. கீழ்ப்பாதியில் பட்டால் அது மேல்நோக்கிக் கிளம்பி எதிரே வருகிறவர் கண்ணில் விழும். டிம் என்பது குறைந்த வெளிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாதி மறைத்து, இடம் பார்த்து அனுப்பிய வெளிச்சம்.

ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை எங்கே, எவ்வளவு நீளத்தில், எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கிட்டே வார்க்கப்படுகிறது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சாலையில் விழும் ஒளியின் வடிவம் கலைந்துவிடும். ஹெச்ஐடியிலோ இழையே கிடையாது. ஸெனான் வாயு நிறைந்த சிறு குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்வில் எரிகிறது. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த வில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். இழையைப் போல ஒரே சீராக ஒளிராமல் இரு முனைகளின் அருகே மிகப் பிரகாசமாகவும் நடுவில் மங்கலாகவும் இருக்கும். அதை ஹாலஜனுக்கென வார்த்த ரிஃப்ளெக்டருக்குள் நுழைத்தால் ஒளி சிதறத்தான் செய்யும். கிட்டுடன் வரும் பல்புகளில் டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே குமிழைக் காந்தத்தால் முன்னும் பின்னும் இழுக்கும் வகை பரவலானது. அந்த நகர்வு எங்கே நிற்கிறது என்பதற்குத் தரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

“மூன்று மடங்கு வெளிச்சம், மூன்று மடங்கு தூரம்.”

நல்ல 35 வாட் ஹெச்ஐடி பல்பு 3,200 லூமென் வரை தரும், அதில் பொய்யில்லை. ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் அங்கே விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே மூன்று மடங்கு ஒளியும் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்ந்தால்கூடப் பார்வைத் தூரம் 1.7 மடங்குதான் நீளும். கிட்டில் அதுவும் நடப்பதில்லை. கூடுதல் ஒளியின் பெரும்பங்கு பம்பருக்கு முன்னால் பத்து இருபது மீட்டருக்குள் வெள்ளையாகக் கொட்டுகிறது. அதைப் பார்த்ததும் ஓட்டுகிறவருக்கு மனம் நிறைந்துவிடுகிறது. கண்மணியோ அந்தப் பக்கத்து வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்கிக்கொள்கிறது. தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிறது.

இதுதான் என்னை மிகவும் உறுத்துவது. மாட்டிக்கொண்டவர் “இப்போ நல்லா தெரியுது” என்று மனதாரச் சொல்கிறார். அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. அந்தத் தைரியத்தில் வேகத்தையும் கூட்டுகிறார். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றால் அதிலேயே 33 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையிலேயே இன்னொரு 40 மீட்டர் வேண்டும். அவருக்கு உதவியிருக்க வேண்டிய ஒளி 70, 80 மீட்டருக்கு அப்பால் சாலையின் இடது ஓரத்தில் விழவேண்டிய ஒளி. நடப்பவர்கள் இருப்பது அங்கேதான். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் நம் டிம் ஒளியின் மேல்விளிம்பு வலப்பக்கம் தாழ்ந்தும் இடப்பக்கம் சற்று உயர்ந்தும் இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஹெச்ஐடி கிட் முதலில் கலைப்பது அந்த விளிம்பைத்தான்.

“பெரிய கார்களில் கம்பெனியே ஸெனான் போடுகிறதே!”

போட்டார்கள்தான். 1991-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் தொடங்கிப் பல வருடம் உயர்ரகக் கார்களில் ஸெனான்தான் இருந்தது. ஆனால் அங்கே பல்பு, ஒளியை லென்ஸால் குவித்து அனுப்பும் புரொஜெக்டர், பலாஸ்ட் எல்லாம் ஒன்றுக்காக ஒன்று உருவானவை. ரிஃப்ளெக்டரில் பயன்படுத்துவதற்காக டி2ஆர் என்று தனியாக ஒரு பல்பே உண்டு. ஒளி போகக்கூடாத திசைகளை மறைக்க அதன் கண்ணாடியிலேயே கறுப்புப் பட்டைகள் பூசியிருப்பார்கள். ஐரோப்பிய விதிகளின்படி 2,000 லூமெனைத் தாண்டும் டிம் விளக்கு என்றால், பாரம் ஏறி வண்டியின் மூக்கு தூக்கினாலும் ஒளி தானாகத் தாழும் அமைப்பும், கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. லென்ஸில் படிந்த சேறு ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும் என்பதற்காகவே அந்தக் கழுவும் ஏற்பாடு. நாம் வாங்கும் கிட்டில் இவற்றில் எது இருக்கிறது?

புரொஜெக்டர் உள்ள கார்தானே, அதில் போடலாமே என்பார்கள். ஹாலஜன் புரொஜெக்டரில் மேல்விளிம்பை ஒரு தகடு வெட்டுவதால் நிலைமை ரிஃப்ளெக்டர் அளவுக்கு மோசமாகாது என்பது உண்மையே. ஆனாலும் விளிம்புக்கு மேலே கசியும் ஒளி அதே விகிதத்தில் கூடிவிடும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் முழு ஒளியும் எதிர்வண்டியின் கண்ணாடிக்கு ஏறிவிடும்.

“நீலம் கலந்த வெள்ளைதான் பவர்.”

இல்லை. ஸெனான் பல்பு அதிக ஒளி தருவது 4,300 கெல்வின் அளவில்தான். கம்பெனிகள் போட்டதும் அதுவே. 6,000, 8,000 என்று எண் ஏற ஏற நீலம் கூடுகிறது, ஒளி குறைகிறது. நீலம் மிகுந்த ஒளியில் கண் கூசுவதும் அதிகம், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். இங்கே ஹாலஜன் பிரியர்களையும் கொஞ்சம் திருத்த வேண்டும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பதும் நம்பிக்கைதான். கொடைக்கானல் மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஃபாக் லைட் உதவுவது தாழ்வாகப் பொருத்தப்பட்டிருப்பதாலும் மேல்விளிம்பு தட்டையாக வெட்டப்பட்டிருப்பதாலும்தான்.

“35 வாட்தான், பேட்டரிக்கு லாபம்.”

எரியத் தொடங்கிய பிறகு 35 வாட். பற்றவைக்கும் கணத்தில் பலாஸ்ட் 20,000 வோல்ட்டுக்கும் மேல் துடிப்பு அனுப்புகிறது. முழு ஒளிக்கு வரும் வரை சில நொடிகள் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கிறது. மலிவான பலாஸ்ட் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும், மழைநீர் புகுந்தால் படுத்துவிடும். இன்னும் மட்டமான பல்பில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வெளிக்கண்ணாடி சரியாக இருக்காது. பாலிகார்பனேட் லென்ஸ் அதில் மங்கும், ரிஃப்ளெக்டர் பூச்சு கருகும். பைக்குகளைப் பற்றி ஒரே வரி: ஹெட்லைட் நேராக ஏசி மின்சாரத்தில் எரியும் பழைய வண்டிகளில் இந்தக் கிட்டை மாட்ட ஒயரிங்கையே மாற்றவேண்டியிருக்கும், பிறகு பேட்டரி அடிக்கடி இறங்கும்.

இதே கேள்விகளை எல்இடி பல்புகளிடமும் கேட்கலாம். ஜெர்மனியில் ஹாலஜன் இடத்தில் மாட்டும் ஓஸ்ராம் எல்இடி பல்புக்கு 2020-இல் அனுமதி கிடைத்தது. அதுவும் பொதுவாக இல்லை. குறிப்பிட்ட கார் மாடலின் ஹெட்லைட்டில் சோதித்து, தேறிய மாடல்களுக்கு மட்டும். இங்கேயும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. “கடைக்காரர்தான் மாட்டினார்” என்று சொல்லித் தப்ப முடியாது.

அப்படியானால் மங்கலான ஹெட்லைட்டோடே ஓட்டுவதா? வேண்டாம். முதலில் லென்ஸைப் பாருங்கள். நம்மூர் வெயிலில் சில வருடங்களிலேயே அது மஞ்சள் பூத்துவிடும். நயமான உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கொடுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். அடுத்தது ஒயரிங். ஹாலஜன் பல்பு மின்னழுத்தத்துக்கு மிகவும் கட்டுப்பட்டது. பேட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும் மெல்லிய ஒயரில் 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் ஒளியில் 30 சதவீதம் போய்விடும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, லைட் எரியும்போதே பேட்டரியிலும் பல்பு முனையிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தடித்த ஒயரும் ரிலேவும் போடச் சொல்லுங்கள். கிட்டுக்கு ஆகும் செலவைவிட இது குறைவாகவே முடியும், விளக்கின் அமைப்பும் மாறாது. 100/90 வாட் பல்பு மட்டும் வேண்டாம். பழைய ஹோல்டர் அந்தச் சூட்டில் உருகும். பல்புகளை ஜோடியாக, நல்ல கம்பெனியின் 60/55 வாட்டாகவே மாற்றுங்கள்.

கடைசியாக, எய்ம். சமதளத்தில், டயர் காற்று சரிபார்த்து, ஓட்டுநர் சீட்டில் ஆளை உட்காரவைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிம் ஒளியின் தட்டையான மேல்விளிம்பு ஹெட்லைட்டின் நடுமையத்தைவிட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான சதவீதம் பல கார்களில் ஹெட்லைட்டின் மேலேயோ பானெட்டுக்கு அடியிலோ பொறித்திருக்கும். ஸ்டியரிங்குக்கு அருகே 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சிறு திருகு இருக்கிறதா பாருங்கள். சுவரில் சரிபார்க்கும்போது அது 0-வில் இருக்கவேண்டும். குடும்பத்தோடு பின்சீட்டும் டிக்கியும் நிறைந்து கிளம்பும் இரவில் 2-க்கோ 3-க்கோ திருப்புங்கள். ஊர் போய்ச் சாமான் இறக்கியதும் மறக்காமல் 0-வுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் தனியாக ஓட்டும்போது ஒளி காலடியிலேயே விழும்.