சூரியனின் சீற்றம்

சட்டக்காந்தத்தின் மேல் தாளை விரித்து இரும்புத் தூளைத் தூவினால், அது வளைவு வளைவாக அமைவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். அத்தகைய வளைவுகள், பூமியினும் பன்மடங்கு பெரியனவாய், சூரியன் மேல் எழுந்து நிற்கின்றன. 1860-இல் ஸ்பெயினில் முழுச் சூரிய கிரகணத்தின்போது சேசுசபைக் குருவான ஆஞ்சலோ செக்கி படம் பிடித்த செந்நிறக் கொழுந்துகள், காந்தப்புலம் தாங்கி நிற்கும் வாயுவே.

சூரியனில் காந்தம் ஏது? சூரியன் முழுவதும் மின்னூட்டம் பெற்ற வாயு. அது ஓடும்போது மின்னோட்டமும் காந்தப்புலமும் உண்டாகின்றன. மேலும் சூரியன் திடப்பொருள் அன்று. அதன் நடுக்கோட்டுப் பகுதி ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாட்களும், துருவப்பகுதி ஏறத்தாழ 35 நாட்களும் ஆகின்றன. நடுப்பகுதி முந்திச் செல்வதால் காந்தக் கோடுகள் இழுபட்டு முறுக்கேறுகின்றன. அவை மேற்பரப்பைத் துளைத்து வெளிவரும் இடங்களே சூரியப் புள்ளிகள். அங்கே வலிய காந்தப்புலம் இருப்பதை 1908-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் எல்லரி ஹேல் கண்டறிந்தார்.

ரப்பர் வளையத்தை முறுக்க முறுக்க அதில் ஆற்றல் சேர்கிறதல்லவா? காந்தக் கோடுகளிலும் அவ்வாறே சேர்கிறது. எதிரெதிர்த் திசையில் செல்லும் கோடுகள் நெருங்கும்போது, அவை அறுந்து புதிதாக இணைகின்றன. சேர்ந்திருந்த ஆற்றல் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்பட, கோடிக்கணக்கான டன் வாயு விண்வெளியில் வீசப்படுகிறது. ஆகவே இது எரிபொருள் தீப்பற்றும் வெடிப்பு அன்று.

1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின் நடுவே கண்ணைப் பறிக்கும் ஒளியைக் கண்டார். சில நிமிடங்களில் அது மறைந்தது. ஆனால் 18 மணி நேரத்துக்குள் பூமியின் காந்தம் நிலைகுலைந்தது! துருவ ஒளி கியூபா வரை தெரிந்தது. அமெரிக்காவில் சில தந்திக் கம்பிகள் மின்கலமின்றியே செய்தி அனுப்பின. 1989 மார்ச் 13-இல் வந்த புயலில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 60 லட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர்.

எல்லாப் புயலும் இவ்வாறு தாக்குவதில்லை. வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால்தான் பூமியின் காந்தக் கோடுகளோடு எளிதில் இணைந்து உள்ளே வழி திறக்கும். அத்திசையை அளக்கும் கருவியும் 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில் உள்ளது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நம் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி என்பது நமக்குப் பெருமை. விண்கலம் இருப்பதோ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். வேகமான புயல் அதைக் கடந்தபின் பூமியை அடைய ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் மின்நிலையத்தார் மின்சுமையைக் குறைத்தாக வேண்டும்.