இடுப்பில் இருத்திய அப்பியாசம்

என் மகள் வயிற்றுப் பேரன் 29 வாரங்களிலேயே, 1,150 கிராம் எடையுடன் பிறந்து, ஏழு வார காலம் மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, பிறகு வீடு வந்து சேர்ந்தபோது, உயிர் தங்கிற்றே என்ற நன்றியுணர்ச்சி எங்கள் நெஞ்சை நிறைத்திருந்தபடியால் வேறெதைப் பற்றியும் நாங்கள் சிந்திக்கவில்லை. எட்டாம் மாதத்தில், கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுக மூடிய கைகளையும், துணி மாற்றும்போது தொடைகளைப் பிரிக்கவொண்ணாதபடி கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்ட கால்களையும் கண்டு என் மனைவிதான் முதலில் கலங்கினாள். குழந்தையைக் காட்டிய இடத்தில், “குறைமாதப் பிள்ளைதானே, இரண்டு வயது வரை பொறுத்துப் பாருங்கள்” என்று சமாதானம் கிடைத்தது. நாங்களும் ஆறு மாதம் பொறுத்தோம். அந்த ஆறு மாதத்தை நினைக்கும்போது இன்றும் என் மனம் ஆறுவதில்லை.

குறைமாதக் குழந்தையின் வயதைக் கணக்கிடுவதில் ஒரு நியாயமான முறை உண்டு. அதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்து, மிச்சமுள்ள வயதுக்கு உரிய வளர்ச்சி உண்டா என்று பார்க்க வேண்டும். எங்கள் பேரனுக்குப் பதினொரு வாரத்தைக் கழித்தாலும், முதலாண்டு நிறைவன்று ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையாக அவன் இருந்திருக்க வேண்டும். அவனோ தாங்கிப் பிடித்தாலொழிய உட்காரவில்லை. கழித்துப் பார்த்த பின்னும் எஞ்சி நின்ற அந்தத் தாமதத்தைக் குறைமாதத்தின் தலையில் சுமத்தியது எங்கள் பெரும் பிழை.

வயதைக் கழித்துப் பார்க்கச் சொல்லித் தந்தவர் அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுவிலிருந்த ஒரு செவிலியர். 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கும் குழு அது. திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்ட, பதினேழே செயல்கள் கொண்ட ஓர் அட்டவணையை அவர் விரித்து, குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலை நிறுத்தி வைத்து, பென்சிலுக்கு இடப்புறம் முடிந்துபோன வரிகளில் அவன் செய்யாதவை எவை என்று எங்களையே எண்ணிச் சொல்லும்படி கேட்டார். எண்ணி முடிப்பதற்குள் என் மகளின் கண்கள் நிறைந்துவிட்டன. அந்த வாரமே பாளையங்கோட்டையிலுள்ள தெரபி மையத்துக்குப் போனோம்.

நோயின் பெயர் உறுதிப்பட வேண்டும், அதன் பிறகுதான் தெரபி தொடங்க வேண்டும் என்பது பலருடைய அபிப்பிராயம். எங்களுடையதும் அதுவாகவே இருந்தது. ஆனால் மூளை வாதம் என்ற பெயர் எழுத்தில் வருவதற்கு முன்பே, கால்கள் இறுகியிருக்கின்றன, இடுப்பு மூட்டு விலகிவிடாமல் காக்க வேண்டும் என்ற காரணமே போதுமென்று இயன்முறை மருத்துவர் வேலையைத் தொடங்கிவிட்டார். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை தன் இணைப்புகளை மிக விரைவாகப் பின்னிக்கொள்கிறது என்பதனால், பெயருக்காகக் காத்திருப்பது அந்தக் காலத்தையே இழப்பதாகும். அதோடு கூடவே காதுப் பரிசோதனையும், கண் பரிசோதனையும் நடந்தன. பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் காதை முதலில் சோதிக்க வேண்டும் என்பதை நான் கண்ட பெற்றோரிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். இவ்வளவுதான் அங்கே கிடைத்தது. போதாதே என்று நான் வருந்தியபோது அந்த இயன்முறை மருத்துவ அம்மையார், “தாத்தா, நான் செய்யும் முக்கால் மணி நேரம் உங்களுக்குக் காட்டுவதற்காக, மருந்து உங்கள் வீட்டில்தான் இருக்கிறது” என்றார். இந்த ஒரு வாக்கியத்தின் பொருளை முழுவதும் உணர எங்களுக்கு ஓராண்டு பிடித்தது. தொடக்கத்தில் நாங்கள் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பாயை விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்து அப்பியாசம் செய்வித்தோம். அவன் பாயைக் கண்டாலே அலறத் தொடங்கினான். அதைக் கேட்டதும் அவர் பாயைச் சுருட்டி வைக்கச் சொல்லி, எங்கள் அன்றாட வழக்கங்களை ஒவ்வொன்றாக விசாரித்தார்.

நம் பெண்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது, இறுகிப் பின்னும் கால்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல அப்பியாசங்களுள் ஒன்று என்று அன்றுதான் அறிந்தோம். இரு தொடைகளும் விரிந்து தாயின் இடுப்பை அணைத்திருக்க, முதுகு நிமிர்ந்து, கைகள் முன்னால் வந்து எதையும் எட்டிப் பிடிக்க ஏதுவாகிறது. பாலைக் காய்ச்சும்போதும், கோலம் போட்டு நிமிரும்போதும், வாசலில் காய்க்காரியோடு பேசும்போதும் என் மகளும் மனைவியும் மாறி மாறி அவனை அப்படியே சுமந்தார்கள். அதற்கு மாறாக, அவன் சுகமாக உறங்கிய தூளியை உறக்கத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள்; விழித்திருக்கும் நேரமெல்லாம் உடல் வளைந்து ஒடுங்கிக் கிடந்தால், தலை தூக்கவும் புரளவும் அவனுக்கு இடமேது? கால்களைப் பின்னால் இருபுறமும் மடித்து உட்காரும் பழக்கத்தை விலக்கி, என் மடியில் சம்மணமிட வைத்தோம். படுக்க வைத்துப் புகட்டிய கூழை, நிமிர்த்தி அமர்த்தி, தலை பின்னால் சாயாதபடி தாங்கி, சிறு கரண்டியால் ஊட்டத் தொடங்கியதும் புரையேறுவது குறைந்தது. எண்ணெய் தேய்க்கும் ஆச்சிகள் காலை இழுத்து நீவி நிமிர்த்துவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்தினோம். இறுகிய தசையை வேகமாக இழுத்தால் அது மேலும் இறுகும்.

பேச்சுக்குக் கற்பித்த உபாயம் இன்னும் எளியது. எனக்கோ அதுவே மிகக் கடினமாயிருந்தது. அவன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவது என் வழக்கம். கொடுப்பதற்கு முன், முகத்தை அவன் முகத்துக்கு நேரே வைத்து, “தண்ணி வேணுமா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்கும்படி பணித்தார்கள். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள்தான் ஒருநாள் அவன் கை நீண்டது. சில மாதங்களுக்குப் பின் ஒரு “த” வந்தது. அவனை அமைதிப்படுத்தக் கொடுத்துவந்த கைப்பேசியை விலக்கியது இதற்குப் பேருதவியாயிற்று. எனினும் அதே கைப்பேசியால் அவன் வீட்டில் தவழ முயல்வதையும் உண்பதையும் படமெடுத்துச் சென்று காட்டுவது மிகுந்த பிரயோஜனமுடையது. புதிய இடத்தில் அழுகிற குழந்தையிடம் வைத்தியர் காணமுடியாததை அதில் காண்பார்.

மையத்துக்குப் பிள்ளையோடு போகவேண்டியவர் பகல் முழுவதும் அதனோடு இருப்பவர்தான். முதல் மூன்று மாதம் மருமகன் விடுப்பெடுத்து அழைத்துப்போய் வந்து சொன்னதில் பாதி எங்களுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு அப்பியாசத்துக்கும் “இது எதற்காக, நாளின் எந்த வேலையோடு இதைச் சேர்ப்பது?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் நடக்க வைப்பதாகப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். நாங்கள் ஒருமுறை போய், பணத்தோடு குழந்தையின் நம்பிக்கையையும் இழந்து திரும்பினோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கூச்சப்பட வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருக்கிறது. மூளை வாதமும் ஆட்டிசமும் அவற்றுள் அடங்கும். தாயின் உறக்கத்தையும் கவனியுங்கள். என் மகள் இரண்டாம் ஆண்டில் சோர்ந்து பேச்சற்றுப்போனபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பியாசமே இல்லை என்று நாங்கள் விதித்துக்கொண்டோம். அதனால் குழந்தைக்கு ஒரு குறையும் நேரவில்லை.

பேரனுக்கு இப்போது நான்கு வயது. காலில் ஸ்பிளிண்டும் கையில் நடைவண்டியுமாக அங்கன்வாடி வாசற்படி வரை தானே நடக்கிறான். படியேறத் துணை வேண்டும்.

சென்ற வாரம் எதிர்வீட்டில் ஏழு மாதப் பெண்குழந்தையொன்றைப் பார்த்தேன். எதை நீட்டினாலும் இடக்கையாலேயே பற்றியது. வலக்கை மூடியபடியே இருந்தது. இடக்கைப் பழக்கம் என்று மகிழ்ந்திருந்த அதன் பாட்டியிடம், ஓராண்டு நிறையுமுன் குழந்தை ஒரு கையை மட்டும் தேர்ந்துகொள்வது இயல்பன்று, மறுகையைச் சோதிக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தவர், நேற்று மாலை தாமாகவே வந்து எங்கள் நோட்டைக் கேட்டு வாங்கிப்போனார். நாளைக் காலை ஏழே காலுக்குப் பாளையங்கோட்டைப் பேருந்து. வழி காட்ட நானும் உடன் செல்கிறேன்.