கரன்ட் போன இரவில் கோய் மீன்கள்

திருவண்ணாமலையில் கோய் மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால், "இந்த வெயிலை அது தாங்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கோய் என்பது கெண்டை இனம். ஜப்பானில் நீகாதா என்கிற பனி கொட்டும் பகுதியில் விவசாயிகள் சாப்பாட்டுக்காக வளர்த்த கெண்டைகளில், நிறம் மாறிப் பிறந்தவற்றைப் பொறுக்கிப் பெருக்கி வந்த வம்சம் இது. 1914-இல் டோக்கியோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகுதான் மற்ற ஊர்க்காரர்கள் இதைப் பரவலாகப் பார்த்தார்கள். குளிர்காலம் முழுக்கத் தொட்டி அடியில் பட்டினி கிடந்து பிழைக்கத் தெரிந்த மீன். ஆகவே மார்கழிக் குளிரைப் பற்றி நான் கவலைப்பட்டதே கிடையாது. நம் ஊரில் கவலைப்பட வேண்டியவை இரண்டு: சித்திரை, வைகாசி வெயில்; கார்த்திகைப் புயல். வெயில் ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட்டு வரும். புயல் அப்படியில்லை.

என் தொட்டி ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. பன்னிரண்டடி நீளம், ஏழடி அகலம், மூன்றரை அடி ஆழம். ஏறக்குறைய 8,000 லிட்டர் பிடிக்கும். மேலே நிழல்வலை. இந்தப் பகுதியில் குரங்கும் மயிலும் அதிகம் என்பதால் அதற்கு மேல் ஒரு கம்பி வலை. கொக்கும் மீன்கொத்தியும் தனிக்கதை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் நகர்ந்துவிடாமல் அங்கேயே நின்று பெய்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். மறுநாள், டிசம்பர் 1, மழை எங்கள் பக்கம் திரும்பியது. அன்று மாலைதான் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு பெயர்ந்து வீட்டின் மேல் விழுந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள். மலையை இத்தனை வருஷமாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் ஊருக்கு அது பேரிடி. அந்த வாரத்தில் மீனைப் பற்றி யாரிடமும் பேசவே கூச்சமாக இருந்தது. இப்போது எழுதுவதற்குக் காரணம், அடுத்த ஐப்பசிக்குள் தொட்டி வைத்திருப்பவர்கள் செய்துகொள்ள வேண்டிய வேலைகள் சில உண்டு என்பதுதான்.

மழையில் தொட்டி மீன் செத்தால் "குளிர் தாங்காமல் போய்விட்டது" என்று சொல்வது வழக்கம். கோய் விஷயத்தில் இது பெரும்பாலும் தப்பு. புயல் மழையில் தொட்டித் தண்ணீர் நாலைந்து டிகிரி இறங்கலாம். அது கோய்க்கு ஒரு பொருட்டே இல்லை. குளிர்ந்த தண்ணீர் ஆக்சிஜனைக் கூடுதலாகத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை, 30 டிகிரியில் ஏழரைதான். அப்படியானால் ஏன் சாகின்றன? பல நாள் வெயிலே இல்லை என்றால், தண்ணீரைப் பச்சையாக வைத்திருக்கும் பாசி பகலில் மூச்சைக் கொடுக்காமல் இரவில் மட்டும் இழுத்துக்கொள்கிறது. குளிர்ந்த மழைத் தண்ணீர் கனமாக அடியில் இறங்க, அடியில் கிடந்த கழிவுச் சேறு கலங்கி மேலே வருகிறது. இலை, மண், புழுதி எல்லாம் வந்து விழுந்து மக்குகின்றன. இந்த நேரம் பார்த்துக் கரன்ட் போகிறது. ஏர் பம்ப் நிற்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், பெரிய மீன்கள்தான் முதலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். குட்டிகள் அப்புறம்தான் வரும். உங்கள் தொட்டியிலேயே பெரிய, விலை கூடிய மீன் மேலே வந்து நின்றால், கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் முதல் ஏற்பாடு மூச்சுக்கு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் ஏர் பம்பை மட்டும் இணையுங்கள். ஃபில்டர் மோட்டார் வேண்டாம். கணக்கு எளிது. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை நம்பலாம் என்று வைத்தால், 18 வாட் ஏர் பம்ப் வேறு எதையும் ஓட்டாமல் ஒன்றரை நாளுக்கு மேல் ஓடும். அதே பேட்டரி 100 வாட் மோட்டாரை ஏழெட்டு மணி நேரத்தில் கைவிட்டுவிடும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், டார்ச் பேட்டரி போட்டு ஓட்டும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். 8,000 லிட்டருக்கு அது போதாதுதான். ஆனாலும் மீன்கள் அந்தக் குமிழி வரும் மூலையில் வந்து கூடிக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் குடம் இருக்கிறது. மொண்டு, இடுப்புயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுவது கேட்கச் சிரிப்பாக இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஊற்றிப் பாருங்கள், மேலே நின்ற மீன் கீழே இறங்கும்.

ஏர் பம்பைத் தரையில் வைக்காதீர்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரன்ட் நின்றவுடன் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்து பம்புக்குள் இறங்கிவிடும். ஆணி அடித்து மேலே மாட்டுங்கள். ஈரத்தில் கை வைக்கும் வேலை என்பதால் தொட்டிக்கான லைனில், மின்கசிவு வந்தால் உடனே கரன்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது தொட்டிக்குள் கை விடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

கரன்ட் வந்ததும் ஃபில்டரை உடனே போட்டுவிடத் தோன்றும். பல மணி நேரம் ஓடாமல் கிடந்த ஃபில்டருக்குள் நல்ல பாக்டீரியா மூச்சுமுட்டி, உள்ளே நின்ற தண்ணீர் அழுகிப் போயிருக்கும். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை வரும். அந்தத் தண்ணீரை முழுக்க வெளியே வடித்துவிட்டு, தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சை அலசி, பிறகு ஓடவிடுங்கள். பைப் தண்ணீரில் அலசினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் குளோரினில் போய்விடும்.

இரண்டாவது விஷயம் மழைத் தண்ணீரின் அளவு. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 10 லிட்டர். என் தொட்டியின் வாய் எட்டுச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 20 சென்டிமீட்டர் பெய்தால் நேராக உள்ளே விழுவது 1,500 லிட்டர் சொச்சம். ஐந்தில் ஒரு பங்கு. அதைத் தாங்கலாம். ஆனால் மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தால்? 600 சதுர அடி மாடியிலிருந்து அதே மழைக்கு 11,000 லிட்டர் வரும். தொட்டியையே கழுவித் தள்ளிவிடும். மாடிக் குழாயைக் கிணற்றுக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ திருப்புங்கள். தொட்டி விளிம்பு தரையைவிட ஒரு அடியாவது உயர்ந்திருக்கட்டும். தெருத் தண்ணீர் உள்ளே வந்தால் அதோடு என்னென்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வழிந்தோடும் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். மீன் வெளியே போகாமல் இருக்க மட்டுமில்லை. மழை விட்ட மறுநாள் அந்த வலைக்கு வெளியே ஒரு நீர்க்கோலி சுருண்டு கிடந்து, தலையை மட்டும் நீட்டித் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விஷமில்லாத பாம்புதான், ஆனால் மீன் என்றால் விடாது.

மழைத் தண்ணீரில் இன்னொரு சிக்கல், அதில் உப்புகள் எதுவும் கிடையாது. எங்கள் பகுதி போர் தண்ணீர் நேர்மாறு: குளியலறைக் குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும், பருப்பு வேகாது, பெண்கள் முடி கொட்டுகிறது என்று திட்டுவார்கள். கோய்க்கு அந்தத் தண்ணீர்தான் வரம். அதில் இருக்கும் காரத்தன்மை, அமிலம் திடீரென்று ஏறாமல் பி.எச். அளவைப் பிடித்து வைத்திருக்கும். பெருமழையில் அந்தப் பிடி தளர்ந்தால் ஒரே இரவில் பி.எச். சரியும். எனவே மழை விட்டதும் ஒரே மூச்சில் தண்ணீர் மாற்றாமல், தினமும் பத்தில் ஒரு பங்கு வீதம் போர் தண்ணீரை விட்டுக்கொண்டே வந்தேன். போர் இல்லாதவர்கள் ஆப்பச் சோடாவைப் பயன்படுத்தலாம். 1,000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் காரத்தன்மை லிட்டருக்கு 18 மில்லிகிராம் அளவு உயரும். வாளித் தண்ணீரில் கரைத்து, இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் பி.எச். ஏறி, தண்ணீரில் இருக்கும் அம்மோனியா விஷமாகிவிடும். நகராட்சித் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வெள்ளத்துக்குப் பிறகு நோய் பரவாமலிருக்கக் குளோரினைக் கூட்டித்தான் போடுவார்கள். குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் கலக்காமல் அதைத் தொட்டியில் விடவே கூடாது.

ஃபில்டர் தேறும் வரை கல் உப்பும் உதவும்: 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ. ஃபில்டர் கெட்டுப்போன நாட்களில் நைட்ரைட் ஏறும்; உப்பிலிருக்கும் குளோரைடு அதைச் செவுளுக்குள் விடாமல் தடுக்கும். உப்பு ஆவியாகாது. எனவே மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டும்தான் மறுபடி போட வேண்டும். தாமரை, அல்லி வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் போகாதீர்கள்.

பக்கத்து வீட்டு மாமிக்கு என்மேல் கோபம். "நாலு நாளா பட்டினி போடறியே, பாவம்டா, அதுங்களுக்குப் பசிக்காதா?" என்று பொரிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். ஆசிரமத்துக்கு வந்துபோகும் விருந்தாளிகளும் இப்படித்தான், மீனைக் கண்டால் கை சும்மா இருக்காது. "மாமி, அதுங்க ரெண்டு வாரம் சாப்பிடாம இருக்கும். ஃபில்டர் இல்லாதப்ப நீங்க போடற பொரிதான் விஷம்" என்றேன். நம்பவில்லை. பொரியை மட்டும் கொண்டுபோய்விட்டார். ஃபில்டர் ஓடாத நாட்களில் ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே காசு செலவில்லாத யோசனை. தின்ற மீன் அம்மோனியா விடும். அதைத் தின்ன பாக்டீரியா இல்லை.

நிஜமான உறைபனியில் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரிந்தது அக்கா மூலமாக. அவள் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். 2021 பிப்ரவரியில் அங்கே அடித்த பனிப்புயலில் டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி பதிவானது. மாநிலம் முழுக்க 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகளுக்குக் கரன்ட் இல்லை. "டேய் தம்பி, குளம் மேல கண்ணாடி போட்ட மாதிரி ஆயிடுச்சு, சுத்தியல் எடுத்துட்டுப் போறாரு உங்க மாமா" என்று போனில் கத்தினாள். சுத்தியலை வாங்கி உள்ளே வைக்கச் சொன்னேன். பனியை அடித்து உடைத்தால் அந்த அதிர்ச்சி அப்படியே மீனுக்குப் போகும். கொதிக்கும் தண்ணீர் உள்ள பாத்திரத்தைப் பனிமேல் வைத்து, அது தானாக உருகி ஒரு துளை விழ வைப்பதுதான் முறை. உள்ளே சேரும் கெட்ட வாயு வெளியே போக அந்த ஒரு துளை போதும். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம்; அந்தச் சூடு தொட்டி அடியில் தங்கியிருக்கும், மீனும் அங்கேதான் அசையாமல் கிடக்கும். அதனால் அங்கே ஏர் பம்ப் குமிழி விடும் காற்றுக்கல்லை அடியிலிருந்து பாதி ஆழத்துக்குத் தூக்கிவிட வேண்டும், அடித்தண்ணீரைக் கலக்கக் கூடாது. இங்கே நம் கத்திரி வெயிலில் அதே கல் அடியிலேயே கிடக்க வேண்டும்.

டிசம்பரில் இங்கேயும் ஒருவர் தொட்டியில் ஹீட்டர் போடலாமா என்று கேட்டார். 300 வாட் ஹீட்டர் 8,000 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க, துளி சூடும் வெளியே போகாவிட்டால்கூட 31 மணி நேரம் எடுக்கும். அந்தக் காசில் இரண்டாவது ஏர் பம்ப் வாங்கலாம். உபரியாக ஒன்று இருப்பது நிம்மதி. புயல் ஓய்ந்த மறுநாள் எந்தக் கடையில் போய் பம்புக்கு உதிரி ரப்பர் வாங்குவது?

மழைக்குப் பிறகும் மூன்று வாரம் கண் வைத்திருங்கள். அலைக்கழிந்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும். தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஓடினால் மீன் பேனாக இருக்கலாம். பருப்பு அளவுக்குத் தட்டையாக, கண்ணாடி போல, வெள்ளை மீனின்மேல்தான் நன்றாகத் தெரியும். உப்புக்கு அது அசையாது. மீன் வைத்தியம் தெரிந்தவரிடம் கேட்டுத்தான் மருந்து போட வேண்டும். செதிலுக்கடியில் சிவந்து புண் வைத்தால் அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

தீபத்துக்கு ஊர் நிறைகிற சமயத்தில் சென்னைப் பக்கம் போய்வருகிறவர்கள், அங்கே கொளத்தூர் மீன் கடைகளில் நுழைந்து, கலர் பார்த்து மயங்கி ரெண்டு கோய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது நடக்கிறது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை புது மீன் வேண்டாம். தொட்டி எப்போது தடுமாறும் என்று தெரியாத மாதங்களில், பயணக் களைப்போடும் புதுக் கிருமியோடும் வரும் மீன் தானும் சாகும், இருப்பதையும் சாகடிக்கும். தை பிறந்த பிறகு போங்கள். கொளத்தூர் மீன் கடைகள் எங்கேயும் போய்விடாது, அதற்குள் உங்கள் ஃபில்டரும் தேறிவிடும்.