பழைய வாகனத்தின் குளிரூட்டி: காஸ் அடிக்க முன் பார்க்க வேண்டியவை

நிலத்தை விட்டு வந்த குடும்பங்களுள் சில, கையில் இருந்த நகையை விற்று ஒரு பழைய வானை வாங்கி, வாடகைக்கு ஓட்டிச் சீவிக்கின்றன. வாடகைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது 'ஏ.சி. வேலை செய்யுமா?' என்பதையே. இல்லையென்றால் ஓட்டம் அடுத்த வானுக்குப் போய்விடும். ஆகவே குளிர் குறைந்தவுடன் கராஜுக்கு ஓடிக் காஸ் அடிக்கிறோம். ஒரு மாதத்தில் அதுவும் போய்விடுகிறது. இந்த வீண்செலவை எப்படித் தவிர்க்கலாம் என்பதே இன்றைய பாடம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீரும் பொருளல்ல. மூடிய குழாய்களுக்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறதல்லவா? அதைப் போலவே, வாகனத்தின் உள்ளே இருக்கும் குளிர்ச் சுருளில் திரவம் ஆவியாகி வெப்பத்தை எடுக்கிறது. கொம்பிரசர் அந்த ஆவியை அமுக்கி, றேடியேற்றருக்கு முன்னால் உள்ள கொண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளியே விட்டு அது மீண்டும் திரவமாகிறது. காஸ் குறைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்றே பொருள்.

இயந்திரத்தை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டு, கொம்பிரசரின் முன்பக்கத்தைப் பாருங்கள். கப்பி எப்போதும் சுற்றும். அதன் முன்னால் உள்ள தட்டுச் சுற்றுகிறதா என்பதே கேள்வி. சுற்றாவிட்டால் பியூஸ், றிலே, கிளச்சுக்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பற்றரியிலிருந்து கிளச்சுக்கு ஒரு கணம் மின் கொடுங்கள். 'டக்' என்று தட்டு ஒட்டினால் கிளச் நல்லது. காலையில் ஒட்டி, சூடேறியபின் ஒட்டாத கிளச்சில் தேய்வினால் இடைவெளி கூடியிருக்கலாம். அது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும்.

காஸ் குறைந்தாலும் தட்டு ஒட்டாது. அழுத்த சுவிச் மின்னைத் தடுத்துவிடும். சிலர் அந்தச் சுவிச்சை வயரால் இணைத்து ஓட்டச் சொல்வார்கள். கேளாதீர்கள். கொம்பிரசருக்கு வேண்டிய எண்ணெய் காஸோடுதான் சுற்றி வருகிறது. காஸ் இல்லாமல் ஓடினால் கொம்பிரசர் இறுகிவிடும். பிறகு செலவு பல மடங்கு.

தட்டுச் சுற்றியும் குளிர் இல்லையா? ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிராவிட்டால், காற்றாடியையும் கொண்டென்சரில் அடைந்த புழுதியையும் பாருங்கள். மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாலே போதும், தகடுகளை வளைக்கக்கூடாது. கொஞ்ச நேரம் குளிர்ந்து நின்றுபோய், ஓய்வு கொடுத்தபின் மீண்டும் குளிர்ந்தால், உள்ளே ஈரம் புகுந்து விரிவு வால்வில் உறைகிறது என எண்ணலாம்.

ஒழுக்கைத் தேடுவது கடினமல்ல. காஸோடு எண்ணெயும் கசிவதால் அவ்விடத்தில் பிசுக்கும் புழுதியும் ஒட்டியிருக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூட்டுகளிலும் ஹோஸ் நுனிகளிலும் சவர்க்கார நுரை பூசுங்கள். குமிழி வந்தால் அதுவே இடம்.

கராஜில் மானி போடும்போது அருகில் நில்லுங்கள். ஓட்டம் நின்று ஆறிய வாகனத்தில், 30 பாகை வெப்பத்தில், இரு மானிகளும் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 95 இறாத்தல் காட்டினால் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறது. நிறைய இருக்கிறது என்பதல்ல. ஓடும்போது தாழ் பக்கம் 30 முதல் 40 வரையும், வெயில் நாளில் உயர் பக்கம் 200 முதல் 250 வரையும் நிற்பது வழமை. இரண்டும் குறைவு என்றால் பெரும்பாலும் காஸ் போதாது. தாழ் பக்கம் கூடி உயர் பக்கம் குறைந்தால் கொம்பிரசர் தேய்ந்துவிட்டது. இரண்டும் மிகக் கூடினால் கொண்டென்சருக்குக் காற்றுப் போதாது, அல்லது காஸ் அளவுக்கு மிஞ்சிவிட்டது.

எண்பதுகளில் வந்த வாகனங்கள் ஆர்-12 காஸுக்காகச் செய்யப்பட்டவை. ஓசோன் படையைக் கெடுப்பதால், 1987 இல் ஒப்பமிடப்பட்ட மொன்றியல் உடன்படிக்கையின் வழி அது கைவிடப்பட்டது. பதிலாக வந்த ஆர்-134ஏ பழைய கனிய எண்ணெயோடு கலக்காது. ஆகவே எண்ணெயையும் உலர்த்திப் போத்தலையும் மாற்ற வேண்டும். பழைய அளவில் ஐந்தில் நான்கு பங்கு காஸ் போதும். அடிக்க முன் அரை மணி நேரமாவது வெற்றிடப் பம்பியால் காற்றையும் ஈரத்தையும் இழுக்கச் சொல்லுங்கள். அவசரக் கராஜ்களில் விடுபடுவது இதுதான். மலிவென்று சமையல் காஸ் அடிக்க இடங்கொடாதீர்கள். ஆட்கள் இருக்கும் இடத்தில் அது கசிந்தால் ஒரு பொறி போதும்.

குழாயை நீங்களாகக் கழற்ற வேண்டாம். சீறி வரும் காஸ் கண்ணையும் தோலையும் உறையச் செய்துவிடும். ஓட்டம் இல்லாத கிழமைகளிலும் ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கொம்பிரசர் தண்டின் சீலுக்கு எண்ணெய் போய்ச் சேரும். அது காய்ந்தால் காஸ் அவ்வழியே கசியத் தொடங்கும்.