ஒட்டிக்கொள்ளும் உலோகங்கள்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

எண்ணெய் வற்றிய என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால், "சீஸ் ஆகிவிட்டது" என்பார் மெக்கானிக். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் உலோகம் சிலிண்டர் சுவரில் அப்பியிருக்கும். தேய்மானம் என்றால் பொருள் தூளாக உதிர்வதுதானே? ஓர் உலோகம் மற்றொன்றில் எவ்வாறு ஏறியது? இதற்கு விடை காண்போம்.

மெய்யான தொடுகை

கண்ணாடிபோல் மெருகேற்றிய உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மேடு பள்ளமாகவே தெரியும். ஆகவே இரு பரப்புகள் சேரும்போது முகடுகள் மட்டுமே தொடுகின்றன. பாரத்தைத் தாங்கும் அளவுக்கு அவை நசுங்குகின்றன. மென் எஃகின் கடினத்தன்மை ச.மி.மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எனக் கொள்வோம். 150 கிலோ பாரம் ஏற்றினால், மெய்யாகத் தொடும் பரப்பு ஏறத்தாழ 1 ச.மி.மீ.தான்! அடிப்பரப்பு உள்ளங்கை அளவாயினும் மேசை அளவாயினும் இதுவே கணக்கு.

உலோகத்தின்மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. சறுக்கும்போது முகடுகளில் அது கிழிந்தால், இருபுறத்து அணுக்களும் ஒரே உலோகத்தின் அணுக்கள்போல் பிணைகின்றன. மேலும் நகர்த்தினால், பெரும்பாலும் ஒட்டிய இடம் விடுவதில்லை. மென்மையான உலோகம் பிய்ந்து மற்றதனுடன் செல்கிறது. இதுவே ஒட்டுத் தேய்மானம். தேய்மானம் பாரத்திற்கும் சறுக்கும் தூரத்திற்கும் நேர்விகிதத்திலும், மென்மையான உலோகத்தின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்று 1953-இல் ஆர்ச்சர்டு விதி வகுத்தார்.

தடுக்கும் வழிகள்

1. உயவு: இரு பரப்புகளுக்கும் இடையே எண்ணெய்ப் படலம் இருத்தல் முதன்மையானது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டியின் அச்சில் மை இட்ட நம் முன்னோர், ஏட்டறிவு இன்றியே இதனைக் கடைப்பிடித்தனர்.

2. வேறுபட்ட உலோகங்கள்: ஒரே வகை உலோகங்கள் எளிதில் ஒட்டும். எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை உலர்ந்த நிலையில் வேகமாக முறுக்கினால் பாதியில் இறுகிவிடுவது இதனால்தான். எஃகுத் தண்டுக்கு வெண்கல புஷ் இடுவதும் இக்காரணம் பற்றியே.

3. கடினமாக்கல்: பரப்பைக் கடினப்படுத்தலும் பாரத்தைக் குறைத்தலும் ஆர்ச்சர்டு விதியிலிருந்தே விளங்கும்.

விண்வெளி தந்த பாடம்

பூமியில் கிழிந்த ஆக்சைடு படலத்தைக் காற்று மீண்டும் உண்டாக்குகிறது. விண்வெளியில் அந்த உதவியும் இல்லை. 1989-இல் வியாழன் கோளை நோக்கி ஏவப்பட்ட கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆண்டெனா குடைபோல் விரிய வேண்டியது. 1991-இல் விரிக்க முயன்றபோது சில கம்பிகள் சிக்கிக்கொண்டன. அவற்றின் ஆணிகளில் பூசிய மாலிப்டினம் டைசல்பைடு என்னும் உலர் உயவுப் பொருள், ஏவுமுன் லாரிப் பயணங்களின் அதிர்வில் தேய்ந்து போனதே காரணம் எனப் பொறியாளர்கள் கருதினர். நொடிக்கு 1,34,000 பிட்டுகள் அனுப்ப வேண்டிய கலம், சிறு ஆண்டெனா வழியே 200 பிட்டுகளுக்கும் குறைவாகவே அனுப்பியது.

ஆணிகளில் பூசிய ஒரு மெல்லிய படலம் போனதால் இத்தனை இழப்பு! நம் ஊர்ப் பம்புசெட்டுக்கும் பேருந்துக்கும் இதே இயற்பியல்தான். உலோகம் உலோகத்தைத் தொடும் முன்பே எண்ணெய் இடுவோம். தொட்டபின் இடும் எண்ணெய் பிய்ந்த உலோகத்தை மீட்டுத் தராது.