முதல் துப்பாக்கி வாங்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஒஹாயோவின் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறிவிட்டாய் என்று அறிந்தேன். மகிழ்ச்சி. "மான் வேட்டைக்கும் ஆகணும், ராத்திரி ஆபீஸ் முடிஞ்சு கார் வரைக்கும் தனியா நடக்கும்போது துணைக்கும் ஆகணும். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். இதே கேள்வியை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நிற்கும் நம் பிள்ளைகள் அமெரிக்காவில் இப்போது பலர். அவர்களுக்கும் ஆகட்டும் என்று பத்திரிகைக்கு ஒரு படி அனுப்புகிறேன். உன் பெயரை எடுத்துவிட்டேன், கவலைப்படாதே.

இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. இதை முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள். வேட்டையில் உனக்கு நேரம் இருக்கிறது. பார்க்கலாம், யோசிக்கலாம், இன்றைக்கு வேண்டாம் என்று வெறுங்கையோடு வீடு திரும்பலாம். தற்காப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே இவை இரண்டு தனி முடிவுகள். முதலாவதற்கு "வாங்கு" என்பேன். இரண்டாவதற்கு "இப்போதைக்கு வேண்டாம்" என்பேன்.

கடைக்குக் கிளம்புமுன் உன் விசாவைப் பார். நீ எச்-1பி-யில் இருக்கிறாய். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையும், ஏன், ஒரே ஒரு தோட்டா வைத்திருப்பதையும்கூட இந்த நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. விலக்குகள் சில உண்டு. அவற்றில் உனக்குப் பொருந்துவது, ஏதேனும் ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். வகுப்பில் தேறிய சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. சான்றிதழைக் காட்டித்தான் உரிமம் வாங்கவேண்டும். பயிற்சிக் களத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் "வைத்திருப்பது" கணக்கில்தான் வரும், ஆக அதற்கும் உரிமம் முந்தவேண்டும். வாங்கிய துப்பாக்கி அலமாரியில் சும்மா கிடக்க, உரிமம் மட்டும் காலாவதியாகிவிட்டால்கூட நீ சட்டத்தை மீறியவள் ஆகிறாய். அபராதம் கட்டிவிட்டு வந்துவிடும் சமாசாரம் இல்லை இது. சிறையும் நாடு கடத்தலும் வரை போகக்கூடியது. கடையில் நிரப்பச் சொல்லும் 4473 என்ற படிவத்தில் இதைப் பற்றிய கேள்வி இருக்கிறது. நிதானமாகப் படித்து உண்மையை எழுது. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நம்மவர்களுக்கு அது எப்போது வரும் என்பது வேறு புராணம்.

இனி துப்பாக்கி. வேட்டைக்காரர்கள் நான்கு பேர் கூடினால் எந்தத் தோட்டா சிறந்தது என்று விடிய விடியப் பேசுவார்கள். 1906-இல் வந்த .30-06, 1925-இல் வந்த .270, 1952-இல் வந்த .308, 2007-இல் வந்து இளைஞர்களை மயக்கிவைத்திருக்கும் 6.5 கிரீட்மோர் என்று ஆளுக்கொரு கட்சி. கேட்கச் சுவையாக இருக்கும். உனக்கு ஒன்றும் பயன்படாது. ஏனென்றால் நீ இருப்பது ஒஹாயோ, இங்கே இவற்றில் ஒன்றைக்கூட மான்மீது சுட முடியாது. கழுத்துப் பக்கம் குறுகிய பித்தளைக்கூடு கொண்ட தோட்டாக்கள் இந்த மாநிலத்தில் மான் வேட்டைக்கு ஆகா. கூடு நேராக இருக்கவேண்டும், குண்டின் விட்டம் .357-க்கும் .50-க்கும் இடையில் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஷாட்கன்னில் ஒற்றைக்குண்டு போடலாம். அறையிலும் மேகசினிலும் சேர்த்து மூன்று தோட்டாக்களுக்கு மேல் கூடாது. தட்டையான சோளக்காடு, நடுநடுவே பண்ணைவீடுகள் என்று இருக்கும் நிலம் இது. நேர்க்கூட்டுத் தோட்டாவின் பருத்த, மெதுவான குண்டு சீக்கிரம் தாழ்ந்து விழுந்துவிடும் என்ற கணக்கில் போட்ட விதி. எல்லை தாண்டி பென்சில்வேனியா போனால் விதி வேறு. எந்தத் துப்பாக்கி என்பதை முதலில் முடிவு செய்வது நீ நிற்கும் மண். அதற்குப் பிறகுதான் உன் ஆசை.

உனக்கு நான் சொல்வது .350 லெஜண்ட். 2019-இல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்தது. இப்படிப்பட்ட விதியுள்ள மாநிலங்களை மனத்தில் வைத்தே செய்த தோட்டா. உதை குறைவு. இருநூறு கஜத்துக்குள் மானுக்குத் தாராளம். இங்குள்ள காடுகளில் நூறு கஜத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரிவதே அரிது. .450 புஷ்மாஸ்டர் வாங்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். நல்ல தோட்டாதான், ஆனால் தோளைப் பெயர்க்கும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடுவார், தோள் தானாகப் பின்வாங்கும், குண்டு எங்கோ போகும். அடிபட்ட மான் ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும். உன் நூற்றுப்பத்து பவுண்டு உடம்புக்கு ஏற்றதை வாங்குவதில் வெட்கம் என்ன?

உடம்புக்கு ஏற்றது என்றேன், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். துப்பாக்கியை மாதிரி எண் பார்த்து வாங்குகிறார்கள், கட்டையின் நீளம் பார்த்து வாங்குவதில்லை. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் ஆறடி ஆணை நினைத்துச் செய்ததாக இருக்கும். ஐந்தடி இரண்டங்குலப் பெண் அதைத் தோளில் வைத்தால் கழுத்தை நீட்டி நீட்டி ஸ்கோப்பைத் தேடவேண்டும். பனிக்காலத்தில் கனத்த கோட்டுப் போட்டால் இன்னும் மோசம். கடைக்குப் போகும்போது அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போ. கண்ணை மூடித் தோளில் வை, பிறகு கண்ணைத் திற. ஸ்கோப்பில் வட்டம் முழுதாகத் தெரிந்தால் உன் துப்பாக்கி. பாதி வட்டமும் கறுப்புமாகத் தெரிந்தால் அடுத்ததைக் கேள். இன்னொன்று, உனக்கு எந்தக் கண் ஓங்கியது என்று பார்த்துக்கொள். இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு துளை வைத்து, தூரத்துக் கடிகாரத்தை அதன் வழியே பார். ஒவ்வொரு கண்ணாக மூடு. எந்தக் கண் மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான் ஓங்கிய கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஓங்கியிருப்பது அபூர்வம் இல்லை. அப்படியிருந்தால் இப்போதே இடத்தோளில் பழகத் தொடங்கு.

தோட்டாவில் குண்டின் வகையைக் கவனி. களத்தில் மலிவாகச் சுடுவதற்கு முழுதும் உலோக உறை போர்த்திய குண்டு விற்பார்கள். அது மானுக்கு ஆகாது. விரியாமல் ஊசிபோல் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும், விலங்கு உடனே சாகாது. நுனி மெத்தென்ற ஈயக்குண்டு விரியும், பல தலைமுறையாக வேட்டைக்காரர்கள் அதைத்தான் நம்பிவந்தார்கள். ஆனால் ஈயம் துகள்துகளாகச் சிதறி, காயத்துக்கு வெகுதூரத்திலும் இறைச்சியில் தங்கும், எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். நீ இறைச்சிக்காகத்தானே போகிறாய்? அலுவலகத் தோழர்களின் குழந்தைகளுக்கும் கொடுப்பாய். செம்புக்குண்டு வாங்கு. விலை கூடுதல்தான், வருடத்துக்கு இரண்டு மூன்று பெட்டிக்கு மேல் ஆகாது. கலிபோர்னியாவில் காண்டோர் என்ற பெருங்கழுகுகள் ஈயத்தைத் தின்று செத்து விழுந்ததால், 2019 ஜூலை முதல் அந்த மாநிலம் வேட்டைக்கு ஈயமே கூடாது என்றது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயரவை 1991 முதல் நாடு முழுவதும் தடை. இங்கே மான் விஷயத்தில் யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நீயாகச் செய்.

மான் துப்பாக்கிக்கும் முன்னால் ஒரு .22 வாங்கு. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1887 முதல் இருக்கும் சின்னத் தோட்டா, உதை இல்லை, சத்தம் குறைவு, விலையும் குறைவு. நூற்றுக்கணக்கில் சுடலாம். மேசையில் மூட்டை வைத்துச் சாய்ந்துகொண்டு சுடுவது குறியைச் சரிபார்க்க மட்டும். அது முடிந்ததும் எழுந்து நின்று, மண்டியிட்டு, உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்து பழகு. மானின் உயிர்நிலை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். எந்தத் தூரம் வரை அந்தத் தட்டைத் தவறாமல் அடிக்கிறாயோ அதுதான் உன் எல்லை. தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் எண் உன் எல்லை ஆகாது. ஒஹாயோவில் அணில் பருவம் செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது, மான் துப்பாக்கிப் பருவமோ நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்களன்று. இடையிலுள்ள மாதங்களை அணில் பின்னால் நடந்து கழி. காட்டில் அசையாமல் உட்காரவும், காற்றுப் பார்க்கவும், சுடாமல் விடவும் அணில்தான் சொல்லித்தரும். உன் அம்மா முகத்தைச் சுளிப்பாள். ராமர் தடவிய மூன்று கோடு இந்த ஊர் அணிலுக்கு இல்லை என்று சொல்லிப் பார். .22 பொம்மை என்று எண்ணாதே, அந்தச் சிறு குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். மரத்தின்மேல் இருப்பதைச் சுடும்போது அடிமரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பதை மட்டும் சுடு, வானத்தைப் பின்னணியாக வைத்துச் சுடாதே.

காது மூடியை மறக்காதே. ஒரே வெடியில் போன செவிப்புலன் திரும்பாது. தனியார் நிலத்தில் கால்வைக்குமுன் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கு, இங்கே சட்டம் அப்படி. அதற்கு ஆள் தெரியாவிட்டால் தென்கிழக்கில் வெய்ன் தேசிய வனம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. மான் துப்பாக்கிப் பருவத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை கட்டாயம். நீ கொடுக்கும் காசைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீளத்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு, அது மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது.

இனி கைத்துப்பாக்கி. ஒஹாயோவில் 2022 ஜூன் முதல், சட்டத் தடை இல்லாத 21 வயதானவர் உரிமம் இல்லாமலேயே மறைத்துக் கொண்டுபோகலாம். அதனால்தான் உன் தோழர்கள் இத்தனை சாதாரணமாகப் பேசுகிறார்கள். அவர்கள் குடிமக்கள். உன் நிலை வேட்டை உரிமம் என்ற ஒற்றை ஆணியில் தொங்குகிறது. வேட்டைக்காகக் கொடுத்த விலக்கை வைத்துக்கொண்டு தினமும் கடைத்தெருவுக்குத் துப்பாக்கி கொண்டுபோகாதே.

விசா மாறிய பிறகும் கேட்பாய், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். கடையில் பெண் என்றால் சின்ன ரிவால்வரை எடுத்து நீட்டுவார்கள். அழகாக இருக்கும், கைப்பைக்குள் அடங்கும். குழல் குட்டை, விசை கனம், எடை குறைவென்பதால் உதை அதிகம். தேர்ந்தவர் கையில் மட்டும் ஒழுங்காகச் சுடும் கருவி அது. நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டல்தான் கற்பவருக்கு ஏற்றது. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. முகவர்கள் இறந்தபின், 9 மி.மீ. போதாது என்று அந்தத் துறை பெரிய தோட்டாக்களைத் தேடிப்போனது. குண்டுகள் மேம்பட்டபின் அதே துறை மறுபடி 9 மி.மீ.-க்கே திரும்பிவிட்டது. நுனி குழிந்த குண்டு போட்டுக்கொள்வார்கள். அது உடலுக்குள் விரிந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் குறி தவறினால், உன் அடுக்ககத்தின் அட்டைச் சுவரை எந்தக் குண்டும் மதிக்காது. மறுபக்கம் யாருடைய தொட்டில் இருக்கிறதென்று உனக்குத் தெரியுமா?

கைப்பையில் வைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பிள்ளை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்து, தாயையே சுட்டுவிட்டது. பை நாம் கீழே வைக்கும் பொருள். துப்பாக்கி உடம்போடு இருக்கவேண்டும், இல்லையேல் பூட்டிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. இந்த நாட்டில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2021-இல் 48,830 பேரில் 26,328 பேர். வீட்டில் மனம் சரியில்லாதவர் யாரேனும் இருந்தால், அது நீயாகவே இருந்தாலும், அந்த மாதங்களில் துப்பாக்கி உன் கூரையின்கீழ் இருக்கவேண்டாம். என்னிடம் கொண்டுவந்து கொடு, காரணம் கேட்கமாட்டேன்.

கார் நிறுத்துமிடத்துக்கு வழி வேறு. காவலாளியைத் துணைக்கு அழை, வெளிச்சமான இடத்தில் வண்டியை நிறுத்து, போனைப் பார்த்துக்கொண்டு நடக்காதே. இது சப்பென்று இருக்கிறது என்பாய். இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போவதாகச் சொன்னாய். பயிற்சிக் களத்துக்குக் கொண்டுபோகும் பையைச் சென்னைக்குக் கொண்டுபோகாதே, காலியாக இருந்தாலும் சரி. தையலுக்குள் ஒற்றைத் தோட்டா சிக்கியிருந்து விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு. விடுமுறை முழுக்க வக்கீல் வீட்டு வாசலில் கழியும். துணிமணிக்கு வேறு பை வாங்கிக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா