எது முதலில்? எது பிறகு?



விடிந்தால் தேர்வு. படிக்க வேண்டிய பாடங்கள் ஐந்து. கையில் இருப்பதோ ஓர் இரவு. எல்லாவற்றையும் ஒருசேரப் படிக்கத் தொடங்குபவள் எதையும் முடிப்பதில்லை. கணினிக்கு மென்பொருள் எழுதுவோருக்கும் இதே இக்கட்டு உண்டு. அதை அவர்கள் எவ்வாறு சமாளிக்கின்றனர் என்பதைச் சற்றுக் காண்போம்.

தேவைகள் அனைத்தையும் முதலிலேயே எழுதி, பல மாதங்கள் உழைத்து, இறுதியில் மொத்தமாக ஒப்படைப்பது பழைய வழக்கம். அதற்குள் கேட்டவரின் தேவையே மாறிவிடுவதும் உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்னுமிடத்தில் 17 வல்லுநர்கள் கூடி ‘அஜைல்’ கொள்கை அறிக்கையை உருவாக்கினர். சிறு பகுதிகளாகச் செய்து, அவ்வப்போது காட்டி, திருத்திக்கொண்டே முன்னேறுவது அதன் சாரம். இவ்வழியில் அமைந்த ‘ஸ்க்ரம்’ முறையில் ஒரு சுற்று ஒரு மாதத்திற்கு மேற்படாது. வேலைகள் யாவும் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கும். அவ்வரிசைக்குப் பொறுப்பாளர் ஒருவரே.

வரிசைப்படுத்த உதவும் முறைகளுள் ஒன்று, 1994இல் டை கிளெக் என்பவர் வகுத்த ‘மாஸ்கோ’ முறை. ரஷ்யத் தலைநகருக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான்கு வகைகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்துச் சேர்த்த பெயர் இது. அவ்வகைகளாவன: கட்டாயம் வேண்டும், இருத்தல் நலம், இயன்றால் செய்யலாம், இம்முறை இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. பள்ளி நூலகத்திற்கு ஒரு மென்பொருள் வேண்டும். கிடைத்திருப்பது 20 நாள் உழைப்பு. நூல்களைப் பதிய 4 நாள், மாணவியரைப் பதிய 3 நாள், நூலைக் கொடுத்து வாங்கும் கணக்கிற்கு 5 நாள், தலைப்பைத் தேட 4 நாள், தாமத நினைவூட்டலுக்கு 4 நாள், வண்ண அட்டைப்படங்களுக்கு 7 நாள். கூட்டினால் 27 நாள்! என் செய்வது?

“இது இல்லாமல் நூலகத்தைத் திறக்க இயலுமா?” என ஒவ்வொன்றையும் வினவுங்கள். முதல் மூன்றும் இன்றி இயலாது, அவை கட்டாயம். தேடுவதற்குச் சில நாள் பழைய பதிவேடு உதவும். ஆகவே அது இருத்தல் நலம். நினைவூட்டல் இயன்றால். அட்டைப்படம் இம்முறை இல்லை. இப்போது கணக்கு 12, 4, 4 என 20 நாளில் அடங்குகிறது.

கட்டாயப் பணிகள் மொத்த உழைப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது இம்முறையாளரின் அறிவுரை. நம் கணக்கில் 12 நாள் என்பது சரியாக 60 விழுக்காடு. இடையில் ஒருவர் நோயுற்றால் நினைவூட்டலை விட்டுவிடலாம்; நூலகம் குறித்த நாளில் திறக்கும். எல்லாமே கட்டாயம் என்று பிடிவாதம் செய்திருந்தால், அட்டைப்படம் அழகாக இருக்கும், நூல் கொடுக்கும் கணக்கு பாதியில் நிற்கும்!

‘இம்முறை இல்லை’ என்பது ‘என்றுமே இல்லை’ என்பதன்று. இயலாததை இறுதி நாளில் சொல்லித் தலைகுனிவதைவிட, முதல் நாளே எடுத்துரைப்பது நேர்மையன்றோ?

தோழியரே! அடுத்த தேர்வுக்கு முன் நம் வேலைகளையும் இந்நான்கு வகைகளாகப் பிரித்து எழுதுவோம். எதை விடுவது என்று துணிந்தால், எதை முடிப்பது என்பது தானே விளங்கும்.